எஸ்பெராண்டோ யாருக்கு எளிது?

டால்ஸ்டாய் 1894-இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்: எஸ்பெராண்டோ இலக்கணமும் அகராதியும் கைக்கு வந்து இரண்டு மணி நேரம்கூடச் செலவாகவில்லையாம், எழுத வராவிட்டாலும் தடையில்லாமல் படிக்க வந்துவிட்டதாம். புதிதாக வருகிறவர்களுக்கு இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வார்கள். இதை நம்பிப் புத்தகத்தைத் திறக்கிற நம்மவர் பல நாள் கழித்தும் அகராதியைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு நம் மண்டையில் ஏறாது என்று மூடி வைத்துவிடுவார்.

அவசரப்பட வேண்டாம். முதலில் டீயை எடுத்துக்கொள்ளுங்கள். டால்ஸ்டாய்க்கு பிரெஞ்சு, ஜெர்மன், ஆங்கிலம் எல்லாம் தெரியும். எஸ்பெராண்டோவின் சொற்களில் பெரும்பாலானவை லத்தீன் குடும்பத்திலிருந்தும் ஜெர்மானியக் குடும்பத்திலிருந்தும் எடுத்தவை. ஆகவே சொற்கள் எல்லாம் அவருக்கு ஏற்கெனவே அறிமுகமான முகங்கள். அவர் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது விகுதிகளை ஒட்டுகிற முறையை மட்டும்தான். நமக்கு இது அப்படியே தலைகீழ். விகுதிமேல் விகுதி ஒட்டுவது பிறந்ததிலிருந்து செய்கிற வேலை. சொற்களைத்தான் ஒவ்வொன்றாகப் பழக்கம் பிடித்தாக வேண்டும். பாடப் புத்தகங்களோ பெரும்பாலும் ஐரோப்பியர் எழுதியவை. நமக்குத் தெரிந்ததைப் பக்கம் பக்கமாக விளக்கும், தெரியாததை ஒரே வரியில் தாண்டிவிடும். அதனால்தான் வேறு வரிசையில் சொல்லிப் பார்க்கிறேன்.

பின்னணி கொஞ்சம். இந்த மொழியை உண்டாக்கியவர் லுத்விக் ஸாமென்ஹோஃப், கண் மருத்துவர். 1859-இல் பியாவிஸ்தோக்கில் பிறந்தார். இப்போது போலந்தில் இருக்கிற அந்த ஊர் அப்போது ரஷ்யப் பேரரசின் கையில். யித்திஷ் பேசும் யூதர், போலிஷ்காரர், ரஷ்யர், ஜெர்மானியர், பெலாரஸ்காரர் என்று தெருவுக்கொரு மொழி, மொழிக்கொரு பகை. எல்லோருக்கும் சம தூரத்தில் இரண்டாம் மொழி ஒன்று இருந்தால் நன்றாயிருக்குமே என்ற எண்ணம் பள்ளிப் பருவத்திலேயே வந்துவிட்டது. 1887 ஜூலையில் வார்சாவில் ரஷ்ய மொழியில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். ஆசிரியர் பெயர் 'டாக்டர் எஸ்பெராண்டோ', அதாவது நம்பிக்கையோடு இருப்பவர். புனைபெயரே மொழியின் பெயராகி நிலைத்துவிட்டது. நூலில் 16 விதிகள், 900 சொச்சம் வேர்ச்சொற்கள்.

இனி மொழிக்கு வருவோம். பெயர்ச்சொல் 'ஓ'வில் முடியும், பெயரடை 'ஆ'வில், வினையடை 'ஏ'யில். வினைக்கு நிகழ்காலம் 'ஆஸ்', இறந்தகாலம் 'ஈஸ்', எதிர்காலம் 'ஓஸ்'. அப்படி நடந்திருந்தால் என்கிற தொனிக்கு 'ஊஸ்', கட்டளைக்கு வெறும் 'ஊ'. அகராதியில் வினைச்சொல் 'ஈ' என்று முடிந்து நிற்கும். விதிவிலக்கு ஒன்றுகூடக் கிடையாது. திணை, பால், எண், இடம் எதற்கும் வினைமுற்று மாறாது. 'மி லேகாஸ்' என்றால் நான் படிக்கிறேன், 'இலி லேகாஸ்' என்றால் அவர்கள் படிக்கிறார்கள். படிக்கிறேன், படிக்கிறாய், படிக்கிறாள், படிக்கின்றன என்று அடுக்குகிற நமக்கு இது விடுமுறை மாதிரி. ஒரே ஒரு எச்சரிக்கை. நாம் 'வந்தேன்' என்றால் 'நான்' தேவையில்லை. அங்கே 'வெனீஸ்' என்று மட்டும் சொன்னால் வந்தது யார் என்று யாருக்கும் தெரியாது. ஆளைச் சொல்லியே ஆக வேண்டும். நீ, நீங்கள் இரண்டுக்கும் 'வி' ஒன்றுதான். மாமனாரையும் மைத்துனரையும் அதே சொல்லால் அழைக்கக் கூச்சமாயிருந்தாலும் வேறு வழியில்லை.

பன்மைக்கு 'ய்', இரண்டாம் வேற்றுமைக்கு 'ன்'. 'ஃப்ளோரோ' பூ, 'ஃப்ளோரோய்' பூக்கள், 'ஃப்ளோரோய்ன்' பூக்களை. பூ-க்கள்-ஐ என்கிற அதே வரிசை: முதலில் வேர், பிறகு எண், கடைசியில் வேற்றுமை. இந்த 'ன்' ஆங்கிலேயரை வாட்டி எடுக்கிற இடம், ஏனென்றால் பெயர்ச்சொல்லில் ஒட்டுகிற செயப்படுபொருள் உருபு அவர்கள் மொழியில் இல்லை. இந்த 'ன்' எப்போதும் கட்டாயம் என்பதும் சண்டைக்கு ஒரு காரணமாகி, 1907-இல் ஒரு கூட்டம் பிரிந்துபோய் 'இடோ' என்று தனி மொழியே கட்டிக்கொண்டது. அதில் செயப்படுபொருள் முன்னால் வந்தால்தான் 'ன்' தேவை. நமக்கு 'ஐ' உண்டே, கவலை என்ன என்று தோன்றும். அங்கேதான் வழுக்கும்.

கையில் இருப்பதையே பாருங்கள். 'டீ குடிக்கிறேன்' என்றுதான் சொல்வோம், 'டீயைக் குடிக்கிறேன்' என்று சொல்வதில்லை. குறிப்பிட்ட அந்த டீ என்றால்தான் 'ஐ' வரும். 'புத்தகம் வாங்கினேன்', 'படம் பார்த்தேன்' எல்லாமே இப்படித்தான். அஃறிணைப் பொருள் பொதுவாக வந்தால் தமிழ் 'ஐ'யை விட்டுவிடும், ஆளைப் பற்றிப் பேசினால் விடாது. எஸ்பெராண்டோவுக்கு இந்தத் தாராளம் கிடையாது. 'மி த்ரின்காஸ் தேயோன்'. எந்த டீயானாலும் 'தேயோன்' தான், 'தேயோ' என்றால் பிழை. தமிழர் எழுதும் எஸ்பெராண்டோவில் 'ன்' காணாமல் போகிற இடங்கள் அஃறிணைப் பொருள்களாகத்தான் இருக்கும். நண்பனைப் பார்த்தேன் என்பதைச் சரியாக எழுதிவிட்டு, படம் பார்த்தேன் என்பதில் கோட்டை விடுவோம். பாடப் புத்தகம் ஐரோப்பியருக்காக எழுதப்பட்டதால் இந்தப் பொறியைச் சொல்லித் தராது.

இன்னொரு பொறி பெயரடையில். 'அழகிய பூ', 'அழகிய பூக்கள்', 'அழகிய பூக்களை' என்று எங்கே போனாலும் நம் 'அழகிய' அசையாது. அங்கே பெயரடையும் கூடவே மாறும்: 'பெலா ஃப்ளோரோ', 'பெலாய் ஃப்ளோரோய்', 'பெலாய்ன் ஃப்ளோரோய்ன்'. என்னைக் கேட்டால் இது வீண் வேலைதான், ஒரு முறை சொன்னால் போதாதா? ஆனால் விதி விதிதான்.

'ன்'னுக்கு இன்னும் இரண்டு வேலை உண்டு. ஒன்று, போய்ச் சேரும் இடம். பூனை மேசை மேல் குதிக்கிறது என்று நாம் சொன்னால், மேசையில் இருந்தபடி குதியாட்டம் போடுகிறதா, கீழேயிருந்து மேசைக்குத் தாவுகிறதா என்பதைக் கேட்பவர்தான் ஊகிக்க வேண்டும். 'ஸூர் லா தாப்லோ' என்றால் முதலாவது, 'ஸூர் லா தாப்லோன்' என்றால் இரண்டாவது. மற்றொன்று அளவு: இரண்டு மணி நேரம் காத்திருந்தேன் என்பதில் அந்த 'மணி' மேலும் 'ன்' ஏறும்.

'லா' என்று ஒரு சொல் அடிக்கடி தட்டுப்படும். ஆங்கிலத்தின் 'தி' போன்றது. தமிழில் இதற்கு இணை இல்லாததால் எங்கே போடுவது, எங்கே விடுவது என்று தடுமாறுவோம். ஸாமென்ஹோஃப் ரஷ்ய, போலிஷ் மொழிகள் நடுவே வளர்ந்தவர். அவற்றிலும் இது கிடையாது. அதனாலோ என்னவோ, கஷ்டப்படுகிறவர்கள் ஆரம்பத்தில் 'லா'வை அடியோடு விட்டுவிடலாம் என்று முதல் விதியின் குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார். இலக்கணக்காரரிடம் இத்தனை இரக்கத்தைப் பார்ப்பது அபூர்வம். தயங்காமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

சரி, நமக்கு லாபமான இடங்கள் எவை? நிறைய. தண்ணீர் கொதிக்கிறது, தண்ணீரைக் கொதிக்க வைக்கிறேன். ஓடு, ஓட்டு. திரும்பு, திருப்பு. உருள், உருட்டு. தானே நடப்பதும் இன்னொருவர் நடத்துவதும் தமிழில் வேறு வேறு வினை. ஆங்கிலத்தில் பல இடங்களில் ஒரே சொல் இரண்டு வேலையும் செய்துவிடும். எஸ்பெராண்டோ நம் பக்கம். 'லா ஆக்வோ போலாஸ்', தண்ணீர் கொதிக்கிறது. 'மி போலிகாஸ் ஆக்வோன்', நான் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறேன். நடுவில் புகுந்த 'இக்' தான் நடத்துகிற விகுதி. ஆங்கிலம் பேசுபவர்கள் வருடக்கணக்கில் தடுக்கி விழும் இந்த இடத்தை நாம் டீ ஆறுவதற்குள் தாண்டிவிடலாம்.

இன்னொன்று 'தன்'. 'லி ஆமாஸ் ஸியான் எட்ஸீனோன்' என்றால் அவன் தன் மனைவியை நேசிக்கிறான். 'ஸியான்' இருந்த இடத்தில் 'லியான்' போட்டால் அவன் வேறொருவன் மனைவியை நேசிக்கிறான். ஓர் எழுத்தில் குடும்பமே கலைந்துவிடும். நமக்கு 'தன்', 'அவன்' வேறுபாடு தொன்றுதொட்டு இருப்பதால் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெயரெச்சமும் அப்படியே. வந்த ஆள், வருகிற ஆள், வரப்போகிற ஆள். 'வெனீன்தா வீரோ', 'வெனான்தா வீரோ', 'வெனோன்தா வீரோ'. எச்சத்துக்குள்ளேயே காலத்தை வைப்பது நமக்குச் சர்வ சாதாரணம். ஆனால் நடைமுறையில் எஸ்பெராண்டோக்காரர்கள் 'கீயூ' என்ற சொல்லைப் போட்டு, 'ஆள், எவர் வந்தாரோ அவர்' என்கிற பாணியில் பெயருக்குப் பின்னால் நீட்டுவதுதான் அதிகம். எச்சமாகவே எழுதித் தள்ளினால் தப்பில்லை. கொஞ்சம் பண்டிதத் தனமாகத் தெரியும், அவ்வளவுதான்.

வினாச்சொல் அட்டவணை ஒன்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். ஐந்து முன்பகுதி, ஒன்பது பின்பகுதி, ஆக 45 சொற்கள். பார்த்தவுடன் பலர் பயந்துபோகிறார்கள். நம்மிடம் எங்கே, அங்கே, எப்போது, அப்போது, எத்தனை, அத்தனை என்று முதல் எழுத்தை மட்டும் மாற்றுகிற ஏற்பாடு இருக்கிறதல்லவா? அதையேதான் அங்கே கொஞ்சம் அகலமாக விரித்திருக்கிறார்கள். 'கி' என்று தொடங்கினால் கேள்வி, 'தி' சுட்டு, 'ச்சி' எல்லாம், 'நெனி' எதுவுமில்லை, வெறும் 'இ' ஏதோ ஒன்று. 'கீயே' எங்கே, 'தீயே' அங்கே, 'ச்சீயே' எல்லா இடத்திலும், 'நெனீயே' எங்குமில்லை, 'ஈயே' எங்கோ. இடத்துக்கு 'ஏ', காலத்துக்கு 'ஆம்', அளவுக்கு 'ஓம்', காரணத்துக்கு 'ஆல்', விதத்துக்கு 'ஏல்'. முழு அட்டவணையையும் ஒரே மூச்சில் மனப்பாடம் செய்ய வேண்டாம். 'கி' வரிசையை மட்டும் நெட்டுரு போடுங்கள், மற்றவை தானாக வரும். 'ஆம்', 'ஓம்' இரண்டும் கொஞ்ச நாள் குழப்பத்தான் செய்யும்.

இப்போது சொற்கள். நம் உண்மையான சுமை இதுதான் என்றேன். அந்தச் சுமையைக் குறைக்கவே ஸாமென்ஹோஃப் ஒட்டுகளைக் கொண்டுவந்தார். அது வந்த கதையை அவரே ஒரு கடிதத்தில் சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூட நாட்களில், பல முறை கண்ணில் பட்ட 'ஷ்வெய்த்ஸார்ஸ்காயா' என்ற ரஷ்யப் பலகையை ஒருநாள் நின்று கவனித்தார். வாயிற்காவலர் இருக்கும் இடம் என்று பொருள். பிறகு 'கொந்தீத்தெர்ஸ்காயா' என்ற மிட்டாய்க்கடைப் பலகை. இரண்டிலும் கடைசியில் அதே 'ஸ்காயா'. ஒரு விகுதி கையில் இருந்தால் ஒரு சொல்லிலிருந்து இன்னொரு சொல்லை நாமே பண்ணிக்கொள்ளலாமே, பூதாகரமான அகராதி எதற்கு என்று அப்போது பட்டதாம்.

ஒரு சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: 'மால்ஸானுலேயோ'. 'ஸான்' ஆரோக்கியம். முன்னால் 'மால்' வந்தால் எதிர்ப்பதம், ஆகவே நோய். 'ஊல்' ஆள், ஆகவே நோயாளி. 'ஏய்' இடம். 'ஓ' பெயர்ச்சொல். நோயாளிகள் இருக்கும் இடம், அதாவது ஆஸ்பத்திரி. 'ஹொஸ்பிதாலோ' என்று ஆயத்தச் சொல்லும் உண்டு. இருந்தாலும் ஆரம்பத்தில் இப்படிப் பிரித்துப் பழகினால் ஒரே வேருக்கு ஐந்தாறு சொல் கிடைக்கும். உங்கள் டம்ளரையே எடுத்துக்கொள்வோம். வாய் வைக்க முடியாத சூட்டில் வரும்போது 'வர்மேகா'. பிறகு 'வர்மா'. இளஞ்சூடு 'வர்மேத்தா'. சூடு போய்விட்டால் 'மால்வர்மேத்தா', ஆறிப்போனால் 'மால்வர்மா', ஐஸ் போட்டால் 'மால்வர்மேகா'. ஒரு வேர், மூன்று ஒட்டு, ஆறு வெப்பநிலை.

இதில் 'மால்' எல்லோருக்கும் ருசிப்பதில்லை. இடது என்பதற்குக்கூட 'வலதுக்கு எதிர்' என்றுதான் சொல்ல வேண்டும். கவிஞர்கள் பொறுக்காமல் குளிருக்கு 'ஃப்ரிதா', குட்டைக்கு 'குர்தா' என்று தனிச்சொற்களைக் கொண்டுவந்தார்கள். தொடக்கநிலையில் இருப்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். அம்மாவுக்கும் தனி வேர் கிடையாது. அப்பா 'பாத்ரோ', அதில் பெண்பால் விகுதி ஒட்டினால் அம்மா, 'பாத்ரீனோ'. இது எந்த நியாயம் என்ற சண்டை அவர்களுக்குள்ளேயே நடக்கிறது. என் ஓட்டு சண்டை போடுகிறவர்களுக்கு.

வேர்களை மனப்பாடம் செய்ய நமக்கு ஆங்கிலம் கைகொடுக்கும். 'பிர்தோ' பறவை, 'ஸூனோ' சூரியன். ஆனால் முழுதாக நம்பினால் கவிழ்த்துவிடும். 'தெமான்தி' என்றால் கேட்பது மட்டுமே, அதட்டி வாங்குவது அல்ல. 'ஃபொரேஸ்தோ' என்று கண்டவுடன் காடு என்று நினைப்போம். அது 'ஃபோர்' (அப்பால்), 'எஸ்த்' (இரு), 'ஓ' என்று பிரிந்து, ஆள் அங்கே இல்லாத நிலையைச் சொல்கிறது. காட்டுக்கு 'அர்பாரோ', மரங்களின் கூட்டம். 'கட்டமரானோ' என்ற சொல்லைப் பார்த்தால் சற்று நின்று பாருங்கள். நம் கட்டுமரம்தான், பல துறைமுகம் சுற்றி அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. 'மாங்கோ'வும் நம் மாங்காய் வழிதான். இந்த மாதிரிச் சொந்தக்காரர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே என்பதால் பெருமைப்படலாமே தவிரப் படிப்புக்கு உதவாது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: சொற்களை நோட்டுப் புத்தகத்தில் தமிழ் எழுத்தில் எழுதாதீர்கள். இந்தப் பத்தியில் நானே அப்படித்தான் எழுதுகிறேன், வாசிக்கத் தோதாக. ஆனால் 'பானோ' என்று எழுதினால் அது ரொட்டியா குளியலா? வல்லொலியில் சொன்னால் ரொட்டி, மெல்லொலியில் சொன்னால் குளியல். 'கஸ்தோ' இன்னும் விபரீதம்: ஒன்று விருந்தாளி, மற்றொன்று சாதி. 'தேன்தோ' ஒருவகையில் பல், மறுவகையில் சபலம். ககர, தகர, பகரங்களில் இரண்டு ஒலிகளையும் ஒரே எழுத்தில் அடக்குவது தமிழுக்குச் சரி, அங்கே கவிழ்த்துவிடும். மெல்லினத்தை அடுத்து வருகிற வல்லினத்தை நம் நாக்கு தானாகவே இளக்கிவிடும் என்பது இன்னொரு வம்பு. எஸ்பெராண்டோ என்ற பெயரையே கடைசியில் 'டோ' என்று இளக்கித்தானே சொல்கிறோம்? உண்மையில் அது வல்லொலித் 'தோ'. நல்லவேளையாக அவர்கள் எழுத்துமுறையில் 28 எழுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒலி, அழுத்தம் எப்போதும் கடைசிக்கு முந்திய அசையில். சொல்லைப் பார்த்தால் உச்சரிப்பு தெரிந்துவிடும். ஆறு எழுத்துகளுக்கு மேல் தொப்பி போன்ற குறி வரும். விசைப்பலகையில் அது இல்லாவிட்டால் எழுத்துக்குப் பின்னால் எக்ஸ் போட்டு எழுதுவார்கள்.

16 விதியோடு எல்லாம் முடிந்துவிடுமா? முடியாது. அந்த 16-இல் பல, ஐரோப்பிய மொழி தெரிந்தவருக்குப் போதுமான சுருக்கக் குறிப்புகள்தான். பெர்தீலோ வென்னெர்கிரேன் எழுதிய முழு இலக்கணம் தலையணை கனத்துக்கு இருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை. அதைத் தொடங்கும்போதே படிப்பவர் யாருமில்லை.

தொடங்குகிறவர் படிக்க வேண்டியது 'கெர்தா மாலபேரீஸ்', 'கெர்தா காணாமல் போனாள்'. 1983-இல் வந்த துப்பறியும் கதை. எழுதியவர் குளோத் பிரோன், ஐக்கிய நாடுகள் சபையில் மொழிபெயர்ப்பாளராக இருந்து பிறகு உளவியல் துறைக்குப் போனவர். அத்தியாயம் ஏற ஏறப் புதிய சொற்களும் இலக்கணமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். கதைக்காகவே புரட்ட வைத்துவிடுவார். முதல் வாசிப்பில் அகராதியைத் தொடாதீர்கள், யார் கடத்தினார்கள் என்று மட்டும் தேடிக்கொண்டு போங்கள். இரண்டாம் வாசிப்பில் பென்சிலோடு உட்கார்ந்து, 'ன்' வருகிற ஒவ்வொரு இடத்தையும் அடிக்கோடிட்டு, அது எதை என்பதற்கா, எங்கே என்பதற்கா, எவ்வளவு என்பதற்கா என்று ஓரத்தில் எழுதிவையுங்கள்.